ஜப்பான் பயணத்தில் பேரிடர் வந்தால்: பயணிக்கும், அங்குள்ள நண்பருக்கும், ஊரில் காத்திருப்பவருக்கும் முழுமையான வழிகாட்டி

ஜப்பானில் வசித்தபடி, ஊரிலிருந்து வரும் நண்பர்களையும் உறவினர்களையும் வரவேற்று வழியனுப்பி வருகிறேன். முதல் நிலநடுக்கத்தில் அவர்களில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கட்டில் ஆடத் தொடங்கியதும் கைபேசியை எடுத்து என்னை அழைப்பார்கள். அந்த நொடியில் என்னால் அவர்களுக்கு எதுவும் செய்ய முடியாது. மேசைக்கு அடியில் நுழைவதற்குக் கிடைத்த நேரம் அந்த அழைப்பிலேயே கரைந்துவிடும்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே வரிசைதான்: முதலில் உடல், அடுத்து இடம், அதற்குப் பிறகே செய்தி. செய்தியை மூன்றாவதாக வைக்கும் துணிவு வர வேண்டுமானால், யார் யாருக்குச் சொல்வது என்பது பயணத்துக்கு முன்பே முடிவாகியிருக்க வேண்டும். அங்கிருந்தே தொடங்குவோம்.

1. புறப்படும் முன்: மூன்று பேர் உடன்பாடு

பயணியாகிய நீங்கள், ஜப்பானில் வசிக்கும் நண்பர், ஊரில் செய்தியை வாங்கி மற்றவர்களுக்குச் சொல்லும் ஒருவர். இந்த மூவரும் ஒருமுறை பேசி உடன்பட வேண்டும். ஊரில் இருப்பவரை இங்கே தொடர்பாளர் என்று அழைக்கிறேன். அவர் அம்மாவாகவோ மனைவியாகவோ இருக்க வேண்டியதில்லை. பதறாமல் தொலைபேசியைக் கையாளத் தெரிந்தவராக இருப்பதே முக்கியம்.

ஒரே ஒருவர் எதற்கு? இருபது உறவினர்கள் இருபது முறை அழைத்தால் உங்கள் பேட்டரி அதிலேயே தீர்ந்துவிடும். தவிர, பாதிக்கப்பட்ட பகுதிக்குள் பேசுவதைவிட வெளியூரில் இருக்கும் ஒருவரைத் தொடர்புகொள்வது பல நேரங்களில் எளிது. உங்களுக்கும் ஜப்பான் நண்பருக்கும் நேரடித் தொடர்பு அறுந்தாலும், இருவரின் செய்தியும் தொடர்பாளரிடம் வந்து சேரும்.

மூவரிடமும் ஒரே தாள் இருக்கட்டும். தேதிவாரியாகத் தங்குமிடத்தின் பெயர், தொலைபேசி எண், ஜப்பானிய எழுத்திலேயே முகவரி, நண்பரின் வீடு, அலுவலகம் இரண்டின் முகவரி, கடவுச்சீட்டு எண், காப்பீட்டு எண், தூதரகத்தின் எண். முகவரி ஜப்பானிய எழுத்தில் இருந்தால்தான் அங்குள்ள அதிகாரியிடமோ தன்னார்வலரிடமோ காட்டியவுடன் புரியும்.

நண்பரின் முகவரியில் மாகாணமும் நகரமும் வார்டும் தெளிவாக இருக்க வேண்டும். "டோக்கியோ பக்கம்" என்று மட்டும் தெரிந்து வைத்திருப்பவர்களே செய்தி வரும்போது அதிகம் தவிக்கிறார்கள். டோக்கியோ பக்கம் என்றால் சிபாவாகவும் இருக்கலாம், யோகோஹாமாவாகவும் இருக்கலாம்.

இன்னொன்றும் பேசி முடிவு செய்யுங்கள்: எவ்வளவு நேரம் மௌனம் இருந்தால் கவலைப்படுவது? இருபத்து நான்கு மணிநேரம் என்று வைப்பது நியாயமானது. அதுவரை தொடர்பாளர் தேடலில் இறங்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிட்டால், மின்வெட்டில் மாட்டிக்கொண்ட உங்களுக்கும் அது நிம்மதி.

2. கைபேசியில் முன்கூட்டியே செய்ய வேண்டியவை

"சேஃப்டி டிப்ஸ்" என்ற செயலியை நிறுவுங்கள். வெளிநாட்டுப் பயணிகளுக்காக ஜப்பான் சுற்றுலா முகமையின் மேற்பார்வையில் உருவானது. நிலநடுக்கம், சுனாமி, வானிலை எச்சரிக்கைகளை ஆங்கிலத்தில் தரும். ஜப்பானியக் கைபேசிகளுக்குத் தானாக வரும் அவசர எச்சரிக்கை, வெளிநாட்டில் வாங்கிய கைபேசியிலும் ஒலிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. செயலி அதற்கு மாற்று. செய்திகளுக்கு ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் என்.எச்.கே. வேர்ல்டு செயலி போதும்.

அடுத்து "லைன்". ஜப்பானில் எல்லோரும் பேசிக்கொள்வது இதில்தான். வாட்ஸ்அப் வைத்திருப்பவர்கள் குறைவு. கணக்குத் தொடங்க உங்கள் எண்ணுக்குக் குறுஞ்செய்தி வர வேண்டும் என்பதால் இதை ஊரிலேயே முடித்துவிடுங்கள். அங்கே போய்ச் சிம்மை மாற்றிய பிறகு செய்யப் பார்த்து மாட்டிக்கொள்பவர்களை அடிக்கடி காண்கிறேன்.

பயணிகள் வாங்கும் இ-சிம்களில் பல, இணையத்துக்கு மட்டுமானவை. அவற்றிலிருந்து 119 (ஆம்புலன்ஸ், தீயணைப்பு), 110 (காவல்துறை) ஆகிய எண்களை அழைக்க முடியாது. உங்களுடையது எந்த வகை என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இணையம் மட்டும் என்றால், பொதுத் தொலைபேசி எங்கே இருக்கிறது என்று பார்த்து வைப்பது அவசியம். ரயில் நிலையங்களில் கிடைக்கும். அவசர எண்களுக்குக் காசு வேண்டாம். மற்ற அழைப்புகளுக்குப் பத்து யென் நாணயங்கள் வேண்டும்.

இந்த எண்ணையும் சேமியுங்கள்: 050-3816-2787. ஜப்பான் தேசியச் சுற்றுலா அமைப்பின் உதவி எண். இருபத்து நான்கு மணிநேரமும் ஆங்கிலத்தில் பேசலாம். கடைசியாக, செல்லும் நகரங்களின் வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி பதிவிறக்கிக்கொள்ளுங்கள்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

பெரிய பெட்டியில் இருப்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பேரிடர் வரும்போது பெட்டி ஹோட்டலில் இருக்கும், நீங்கள் வேறெங்கோ இருப்பீர்கள். தோளில் மாட்டும் சிறிய பையே கணக்கு.

அதில் பவர் பேங்க், இரண்டு தட்டைக் கம்பிகள் கொண்ட ஜப்பானிய பிளக்குக்கான அடாப்டர், தினசரி மருந்துகள் மூன்று நாளுக்கு, ஒரு பாட்டில் தண்ணீர், நாணயங்களும் ஆயிரம் யென் நோட்டுகளுமாகக் கொஞ்சம் ரொக்கம். 2018 செப்டம்பர் 6 அதிகாலை ஹொக்கைடோவில் நிலநடுக்கம் வந்தபோது கிட்டத்தட்டத் தீவு முழுவதும் மின்சாரம் போனது. அட்டைகள் பயனற்றுப் போயின. சப்போரோவில் கைபேசிக்கு மின்னேற்ற மக்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். கடவுச்சீட்டு எப்போதும் உடலோடு இருக்க வேண்டும். பயணிகளுக்கு அது சட்டமும்கூட.

சைவ உணவுக்காரர்கள் வேர்க்கடலை, பேரீச்சம்பழம், பொரிவிளங்காய் உருண்டை போன்றவற்றை இரண்டு நாளுக்காவது வைத்துக்கொள்ளுங்கள். நெருக்கடியில் கடைகளில் மிஞ்சியிருப்பதையும் முகாமில் தருவதையும்தான் சாப்பிட வேண்டியிருக்கும். மீன் சாறு கலக்காத உணவு அப்போது கிடைப்பது அரிது.

4. அறைக்குள் நுழைந்ததும் பத்து நிமிடம்

களைப்பாக இருந்தாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள். கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வெளியேறும் வழி வரைபடத்தைப் பாருங்கள். பிறகு மாடிப்படிவரை ஒருமுறை நடந்து பாருங்கள். லிஃப்ட் நின்றுவிடும், விளக்கும் அணையலாம். கட்டிலருகே கைவிளக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். காலணியைக் கட்டிலுக்குக் கீழே, கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இரவு நிலநடுக்கத்தில் மிகச் சாதாரணமாக ஏற்படும் காயம், உடைந்த கண்ணாடியை வெறுங்காலால் மிதிப்பது.

வரவேற்பாளரிடம் ஒரு கேள்வி: "ஹினான்ஜோ வா தோகோ தெசு கா?" அடைக்கலம் புகும் இடம் எங்கே என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் அருகிலுள்ள பள்ளியைக் காட்டுவார். அங்குள்ள பலகையை நின்று கவனியுங்கள். நிலநடுக்கம், சுனாமி, வெள்ளம், நிலச்சரிவு என்று படம் போட்டு, எதற்கு அந்த இடம் ஏற்றது என்று குறித்திருப்பார்கள். நிலநடுக்கத்துக்கு ஏற்ற பள்ளி, ஆற்றோரத்தில் இருந்தால் வெள்ளத்துக்கு ஏற்றதல்ல. "முகாம் என்றால் முகாம்தானே" என்று எல்லா ஆபத்துக்கும் ஒரே இடத்தை நினைத்து வைப்பது ஆபத்தான பிழை.

நண்பர் வீட்டில் தங்கினால் வட்டார ஆபத்து வரைபடத்தைக் காட்டச் சொல்லுங்கள். இந்தியர்கள் பலர் வாழும் நிஷி-கசாய், டோக்கியோவின் எடோகாவா வார்டில் இருக்கிறது. அந்த வார்டின் பெரும்பகுதி கடல்மட்டத்தையொட்டியோ அதற்குக் கீழோ கிடக்கிறது. பெருவெள்ளம் வந்தால் இங்கே இருக்கக் கூடாது என்று 2019இல் அந்த வார்டு நிர்வாகமே தன் வெள்ள வரைபடத்தில் அச்சிட்டது. அங்கே தங்குபவர், வெள்ள எச்சரிக்கை வந்தால் எந்த ஊருக்குப் போவது என்பதையும் நண்பரோடு பேசி வைக்க வேண்டும்.

5. தரை ஆடும்போது

எச்சரிக்கை ஒலி கேட்டதிலிருந்து ஆட்டம் தொடங்கும்வரை சில நொடிகள் கிடைக்கலாம். மையத்துக்கு மிக அருகில் இருந்தால் அதுவும் கிடைக்காது. குனிந்து, மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். மேசை இல்லையென்றால் தலையணையோ பையோ தலைமேல் இருக்கட்டும். அலமாரியிலிருந்தும் கண்ணாடியிலிருந்தும் விலகுங்கள்.

வெளியே ஓடாதீர்கள். நம் ஊரில் நிலநடுக்கம் என்றால் தெருவுக்கு ஓடும் பழக்கம் உண்டு. ஜப்பானில் 1981க்குப் பிறகான கட்டடங்கள் கடுமையான நிலநடுக்க விதிகளின்படி கட்டப்பட்டவை. அவற்றின் உள்ளே இருப்பதைவிட, ஓடுகளும் கண்ணாடியும் விளம்பரப் பலகைகளும் விழும் நடைபாதையே ஆபத்து. ஏற்கெனவே தெருவில் இருந்தால் சுற்றுச்சுவர்களை விட்டு விலகுங்கள். 2018 ஜூனில் ஒசாகாவின் வடக்கே வந்த நிலநடுக்கத்தில் பள்ளிச் சுவர் ஒன்று சரிந்து ஒன்பது வயதுச் சிறுமி உயிரிழந்தாள்.

லிஃப்டில் இருந்தால் எல்லா மாடிகளின் பொத்தான்களையும் அழுத்தி, முதலில் நிற்கும் இடத்தில் வெளியேறுங்கள். ரயிலில் இருந்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அறிவிப்புக்குக் காத்திருங்கள். கதவைத் திறந்து நீங்களாக இறங்கக் கூடாது. டோக்கியோவின் கின்சா போன்ற சுரங்க வழித்தடங்களில் தண்டவாளத்தை ஒட்டி இன்னொரு தண்டவாளத்தில் மின்சாரம் ஓடுகிறது. உயரமான கட்டடங்கள் பல நிமிடம் மெதுவாக ஊசலாடும். குமட்டலாக இருக்கும், ஆனால் அப்படி ஆடும்படிதான் அவை கட்டப்பட்டிருக்கின்றன.

6. கடலருகே இருந்தால்: எதற்கும் காத்திருக்காமல் ஏறுங்கள்

2004 டிசம்பர் 26ஐ மறக்காத நமக்கு, கடல் உள்வாங்கினால் சுனாமி என்று தெரியும். ஜப்பானில் அந்த அறிகுறிக்குக் காத்திருக்கவே கூடாது. எல்லாச் சுனாமியும் கடல் உள்வாங்கித் தொடங்குவதில்லை. நாகப்பட்டினத்தை அலை அடைய இரண்டு மணிநேரத்துக்கு மேல் ஆனது. ஜப்பானில் கரைக்கு அருகிலேயே நிலநடுக்கம் பிறப்பதால் சில நிமிடங்களில் அலை வந்துவிடலாம்.

பலமான ஆட்டமோ, மெதுவாக ஆனாலும் நீண்ட ஆட்டமோ உணர்ந்தால் உடனே மேட்டுக்குப் போங்கள். அலையிலிருந்து ஓடும் மனித உருவம் வரைந்த பச்சைப் பலகைகள் வழி காட்டும். மேடு தொலைவில் என்றால், சுனாமி அடைக்கலக் கட்டடம் என்று குறியிட்ட உறுதியான கட்டடத்தின் மேல்தளம். கடற்கரையில் சிவப்பும் வெள்ளையும் கட்டம் போட்ட கொடியை ஆட்டினால், அதுவும் சுனாமி எச்சரிக்கைதான். "நிகேதே" என்று கத்தினால் "ஓடு" என்று அர்த்தம். "தகாதாய்" என்றால் மேடு.

வானிலை முகமையின் எச்சரிக்கை மூன்று படி. 0.2 முதல் 1 மீட்டர்வரை எதிர்பார்த்தால் மஞ்சள், 3 மீட்டர்வரை சிவப்பு, அதற்கு மேல் ஊதா. மஞ்சள்தானே என்று அலட்சியம் வேண்டாம். முழங்கால் உயர அலையே ஆளை இழுத்துப்போகும்.

இறங்கி வருவதில்தான் அடுத்த தவறு நடக்கிறது. முதல் அலை போனதும் அறைக்குப் போய்ப் பெட்டியை எடுக்கத் தோன்றும். பின்வரும் அலை பெரிதாக இருக்கலாம். 2025 ஜூலை 30 அன்று ரஷ்யாவின் கம்சாட்காவில் நிகழ்ந்த நிலநடுக்கத்துக்காக ஜப்பானில் விடுத்த எச்சரிக்கைகள் முழுவதுமாக விலக ஒரு நாளுக்கும் மேல் ஆனது; அந்த நிலநடுக்கத்தை ஜப்பானில் பெரும்பாலோர் உணரக்கூட இல்லை. உங்களுக்கு ஆட்டம் தெரிந்ததா என்பது கணக்கல்ல. அதிகாரபூர்வமாக எச்சரிக்கை நீங்கிய பிறகே இறங்குங்கள்.

7. ஆட்டம் நின்ற பிறகு: நண்பர் வீட்டுக்கு நடக்கத் தொடங்காதீர்கள்

காலணி அணியுங்கள். கதவைத் திறந்து வையுங்கள். கதவின் சட்டகம் வளைந்தால் பிறகு திறக்காது. அடுப்பு எரிந்தால் இப்போது அணையுங்கள், ஆடும்போது அல்ல.

அதன் பிறகு, கட்டடம் பாதுகாப்பாக இருந்தால், அங்கேயே இருங்கள். 2011 மார்ச் 11 அன்று டோக்கியோவில் ரயில்கள் நின்றபோது லட்சக்கணக்கானோர் வீட்டை நோக்கி நடந்தார்கள்; சாலைகள் நிரம்பி வழிந்தன. கூட்ட நெரிசலில் பின்னதிர்வு வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துத்தான் உடனே நகராமல் இருப்பதை டோக்கியோ விதியாக்கியது. 2013 முதல் நடப்பில் உள்ள அந்த மாநகரச் சட்டத்தின்படி, ஊழியர்களுக்கு மூன்று நாள் உணவும் நீரும் சேமித்து வைக்க நிறுவனங்கள் முயல வேண்டும். நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் உங்கள் நண்பரும் அலுவலகத்தில்தான் இருப்பார்.

நடந்தே ஆக வேண்டியிருந்தால், வீடு திரும்புவோருக்கு உதவும் நிலையம் என்று ஒட்டுவில்லை போட்ட கடைகள் தண்ணீரும் கழிப்பறையும் தந்து உதவும்.

முதல் ஆட்டமே பெரியது என்று நம்பாதீர்கள். 2016 ஏப்ரல் 14 இரவு குமாமொத்தோவில் 6.5 ரிக்டர் அளவில் நிலநடுக்கம் வந்தது. பலர் வீடு திரும்பினார்கள். 16ஆம் தேதி அதிகாலை 7.3 வந்தது. விரிசல் விழுந்த கட்டடத்துக்குள் பொருள்களை எடுக்கக்கூடப் போகக் கூடாது. குறைந்தது ஒரு வாரம் இந்த எச்சரிக்கையோடு இருங்கள்.

8. இப்போது செய்தி

ஒரே ஒரு குறுஞ்செய்தி, தொடர்பாளருக்கு. நான்கு விவரங்கள் போதும்: உடல்நிலை, இடம், நேரம், அடுத்து எப்போது எழுதுவேன். "நலம். கனசாவா, ஹோட்டலில். ஜப்பான் நேரம் மாலை 5.10. அடுத்த செய்தி இரவு 9 மணிக்கு."

நேரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். நெரிசலில் செய்தி மணிக்கணக்கில் தாமதமாகப் போய்ச்சேரும். மாலையில் எழுதியதை நள்ளிரவில் படிப்பவர் அது பழைய நிலை என்று அறிய வேண்டும். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணிநேரம் முன்னால் இருப்பதால் எந்த நாட்டு நேரம் என்பதும் வேண்டும். அடுத்த செய்தியின் நேரத்தைச் சொல்லிவிட்டால் இடையில் யாரும் அழைக்க மாட்டார்கள். அதுவரை கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்துப் பேட்டரியைக் காக்கலாம்.

அழைக்க முயலாதீர்கள். 2011இல் குரல் அழைப்புகளில் பெரும்பகுதியை நிறுவனங்கள் கட்டுப்படுத்தின. இணையச் செய்திகள் அதைவிட எளிதாகப் போயின. இணையமே இல்லையென்றால் வைஃபை பட்டியலில் ஐந்து பூஜ்ஜியங்களும் அதையடுத்து ஆங்கிலப் பெரிய எழுத்தில் "ஜப்பான்" என்பதும் சேர்ந்த பெயரைத் தேடுங்கள். பேரிடரின்போது எல்லோருக்கும் இலவசமாகத் திறக்கப்படுவது அது. கடவுச்சொல் கிடையாது, குறியாக்கமும் கிடையாது. வங்கிக் கணக்கை அதில் திறக்காதீர்கள்.

ஜப்பானிய எண் வைத்திருக்கும் நண்பருக்கு 171 என்ற பேரிடர் குரல்பதிவுச் சேவை உண்டு. 171ஐ அழுத்தி, 1 என்றால் பதிவு, 2 என்றால் கேட்பது; பிறகு பாதிக்கப்பட்டவரின் எண். முப்பது நொடி பேசலாம். குரல் வழிகாட்டல் ஜப்பானிய மொழியில் இருப்பதால் வரிசையை எழுதி வைப்பது நல்லது. இதன் இணைய வடிவமான வெப் 171இல் ஆங்கிலம் இருக்கிறது, வெளிநாட்டிலிருந்தும் திறக்கும். ஒவ்வொரு மாதமும் 1, 15 தேதிகளில் ஒத்திகைக்காகத் திறந்து வைக்கிறார்கள். உடன்பாடு செய்த மூவரும் அன்று ஒருமுறை பழகிப் பார்த்துவிடுங்கள்.

9. ஊரில் இருப்பவருக்கு: அழைக்கும் முன் வரைபடம்

தொலைக்காட்சியில் "ஜப்பானில் பயங்கர நிலநடுக்கம்" என்று ஓடும். எண்ணை அழுத்துவதற்கு முன் தாளை எடுத்து, நண்பர் இருக்கும் மாகாணம் எது, நிலநடுக்கம் எங்கே என்று பாருங்கள். 2024 ஜனவரி 1 அன்று நோட்டோ தீபகற்பத்தில் 7.6 ரிக்டர், வாஜிமா நகரம் சிதைந்தது. டோக்கியோவில் மிதமாக ஆடியதோடு சரி.

அடுத்துப் பார்க்க வேண்டியது ரிக்டர் எண்ணை அல்ல, "ஷிந்தோ" என்ற ஆட்ட அளவை. ரிக்டர் நிலநடுக்கம் மொத்தத்துக்கும் ஒரே எண். ஷிந்தோ ஊருக்கு ஊர் மாறும். 0 முதல் 7 வரை, இடையில் 5ம் 6ம் மேல், கீழ் என்று இரண்டிரண்டாகப் பிரியும். 3 என்றால் வீட்டில் இருப்பவர்கள் உணர்வார்கள், அவ்வளவுதான். 5 கீழ் என்றால் அலமாரியிலிருந்து பொருள்கள் விழும். 6 மேல் என்றால் நிற்க முடியாது. 2015 மே மாதம் ஒகசவாரா தீவுகளின் அருகே 8.1 ரிக்டர் வந்தது. வெகு ஆழத்தில் நிகழ்ந்ததால் உயிரிழப்பு இல்லை. 2018இல் ஒசாகாவில் 6.1தான், உயிர்கள் போயின. வானிலை முகமையின் ஆங்கிலப் பக்கத்தில் நகரவாரியாக ஷிந்தோ கிடைக்கும். நண்பரின் நகரத்தில் 4க்குக் கீழ் என்றால், அவர் வீடு கடலோரத்தில் இல்லையென்றால், நீங்கள் அமைதியாகக் காத்திருக்கலாம்.

அதிகமாக ஆடியிருந்தால் ஒரு செய்தி மட்டும் அனுப்புங்கள், பதில் கேட்காமல்: "பார்த்தோம். முடிந்தபோது ஒரு வரி எழுது." தொடர்பாளரிடம் விசாரியுங்கள். வெப் 171இல் நண்பரின் எண்ணைத் தேடுங்கள். சமூக ஊடகங்களை நம்ப வேண்டாம். நோட்டோவின்போது 2011 சுனாமிக் காட்சிகள் புதியவை போலப் பரவின. பொய் முகவரியோடு உதவி கேட்ட பதிவுகள் மீட்புக் குழுக்களை அலைக்கழித்தன.

நண்பர் எங்கோ சிக்கியிருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால், ஊரிலிருந்து 119ஐ அழைக்க முடியாது. ஜப்பானில் இருக்கும் வேறொரு நண்பரிடம் முகவரியைக் கொடுத்து அழைக்கச் சொல்லுங்கள். பேசி வைத்த கெடு முடிந்தும் தகவல் இல்லையென்றால், தாளில் உள்ள விவரங்களோடு தூதரகத்தை அணுகுங்கள். பெரும் பேரிடர்களில் இந்தியத் தூதரகம் தனி அவசர எண்களை வெளியிடும், நோட்டோவின்போதும் வெளியிட்டது.

10. முகாமில்

வெளிநாட்டவர் என்பதற்காகத் தயங்க வேண்டாம், பயணிகளையும் சேர்த்துக்கொள்வார்கள். நுழைந்ததும் பெயரைப் பதிவு செய்யுங்கள். உணவு எத்தனை பேருக்கு என்று கணக்கிடுவதும், உங்களைத் தேடுபவர்களுக்குப் பதில் சொல்வதும் அந்தப் பட்டியலை வைத்துத்தான். காலணியைக் கழற்றும் இடம் இருந்தால் கழற்றுங்கள்.

இறைச்சியும் மீனும் சாப்பிடாதவர் "நிக்கு தோ சகானா வா தபேமாசென்" என்று எழுதிக் காட்டுங்கள். தண்ணீர் ஊற்றினால் சோறாகும் உலர் அரிசிப் பைகள் பெரும்பாலும் இருக்கும். வெறும் வெள்ளைச் சோறு இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்து தேவை என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

11. புயல் என்றால் வரிசை மாறும்

நிலநடுக்கம் சொல்லிக்கொண்டு வருவதில்லை. புயல் நாள்கணக்கில் முன்பே தெரியும். ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் போகிறவர்கள் இதை மறக்கக் கூடாது. ரயில் நிறுவனங்கள் முந்தைய நாளே சேவை நிறுத்தத்தை அறிவித்துவிடும். அறிவிப்பு வந்தால் அன்று ஊர் மாறும் திட்டத்தைக் கைவிட்டு, உணவு வாங்கிக்கொண்டு அறையில் இருங்கள்.

"சீக்கிரமே விமான நிலையம் போய்விடுவோம்" என்பதுதான் இங்கே வழக்கமான தவறு. 2018 செப்டம்பர் 4 அன்று ஜெபி புயலில் கன்சாய் விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கியது. நிலப்பகுதியோடு இணைக்கும் பாலத்தில் கப்பல் மோதியது. ஆயிரக்கணக்கானோர் அந்தச் செயற்கைத் தீவில் இரவைக் கழித்தார்கள். விமான நிறுவனம் உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள்.

வெள்ள எச்சரிக்கைகள் ஐந்து நிலை. நிலை 3இல் முதியவர்களும் குழந்தைகளோடு இருப்பவர்களும் வெளியேற வேண்டும். மொழி தெரியாத பயணியும் அவர்களோடு கிளம்புவதே நல்லது. நிலை 4இல் ஆபத்துப் பகுதியில் உள்ள அனைவரும். நிலை 5 வரும்போது வெளியே போக நேரம் கடந்திருக்கும். மேல்மாடிக்கு ஏறுவதுதான் வழி.

12. பயணத்தைத் தொடர்வதா, திரும்புவதா

பாதிக்கப்பட்ட பகுதிக்கு நண்பரைப் பார்க்கவோ உதவவோ உடனே கிளம்பாதீர்கள். நோட்டோவில் உடைந்த ஒற்றைச் சாலைகளில் நெரிசல் ஏற்பட்டு மீட்பு வாகனங்களே தடைபட்டன. தனிநபர்கள் வர வேண்டாம் என்று நோட்டோ அடங்கிய இஷிகாவா மாகாணம் கேட்டுக்கொண்டது. நண்பருக்கு உதவ வேண்டுமானால் என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். பல நேரங்களில் அது ஊருக்குத் தகவல் சொல்வதும், பாதிக்கப்படாத நகரத்தில் ஓர் அறை தேடித் தருவதுமாக இருக்கும்.

பாதிக்கப்படாத பகுதிகளில் ரயில்கள் விரைவிலேயே ஓடத் தொடங்கும், பயணத்தைத் தொடரலாம். டிக்கெட்டை ரத்து செய்வதற்கு முன் விமான நிறுவனத்தின் அறிவிப்பைப் பாருங்கள். பேரிடர் நாள்களுக்குக் கட்டணமின்றித் தேதி மாற்ற அனுமதிப்பது வழக்கம்.

ஊர் திரும்பியதும், உங்களைத் தேடித் தூதரகத்திலோ உதவி எண்ணிலோ யாராவது பதிவு செய்திருந்தால், கிடைத்துவிட்டீர்கள் என்று அன்றே தெரிவித்துப் பெயரை நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயருக்காகவும் யாரோ ஒருவர் இன்னும் தொலைபேசியில் அழைத்துக்கொண்டிருப்பார்.